நாளைக்குள் எட்டிப் பார்த்தவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பாடசாலை மாணவர்கள் அறிவியல் புனைகதைகளை எழுதி அனுப்பலாம் என்று இந்தப் பக்கத்தில் முன்னர் அறிவித்திருந்தோம். வந்தவற்றில் பல, எதிர்காலத்தைச் சில கணங்கள் மட்டும் பார்த்துவிடும் ஒருவரைப் பற்றியனவாக இருந்தன. அவற்றோடு வந்த கேள்விகளும் அதே விடயத்தைச் சுற்றி அமைந்தமையால், இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கதையின் நாயகன் புகையிரதக் கடவை ஒன்றின் அருகே மயங்கி விழுகிறான். அந்த மயக்கத்தில் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நடக்கப்போகும் அனைத்தையும் பார்த்துவிடுகிறான். வாசித்த நண்பர்கள் கதையில் விறுவிறுப்பு இல்லை என்கிறார்கள். எங்கே பிழை விட்டேன்?
*(உயர்தர மாணவர், கிளிநொச்சி)*

பதில்: தம்பி, பிழை அந்த ஐம்பது ஆண்டுகளில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டவனுக்குத் தேட எதுவும் மிஞ்சாது. அவன் வரலாறு சொல்லத் தொடங்கிவிடுவான், நாங்களும் கொட்டாவி விடத் தொடங்கிவிடுவோம். உங்கள் கதையின் மூன்றாம் பக்கத்தில், தண்டவாளத்துக் கற்களுக்கிடையே ஒற்றைச் செருப்பொன்று கிடந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கதை அந்த வரிக்குள் இருக்கிறது. மற்றப் பதினொரு பக்கங்களையும் எடுத்துவிடலாம்.

அவன் பார்ப்பது வெறும் இருபது செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கக்கூடாத இடத்தில் புகையிரதம் நிற்கிறது. ஆட்கள் ஓடிவருகிறார்கள். கல்லுக்குள் ஒரு நீலச் செருப்பு, அதன் அறுந்த வாரை ஓர் ஊசி குத்திப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான், கண் விழித்துவிடுகிறான். அதன் பிறகு அவன் ஊரில் எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, கால்களையே பார்த்துக்கொண்டு திரிகிறான். கோயில் வாசலில் கழற்றிவிடப்பட்ட செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, கள்ளன் என்று பேச்சும் வாங்குகிறான். நீலச் செருப்பு அணிந்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கு பேருடைய வாரும் அறாமல் இருக்கிறது. ஒரு நாள் காலையில் தங்கை பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் வாசலில் நின்று, "அண்ணா, வார் அறுந்துபோச்சு, ஒரு ஊசி தாங்கோ" என்று கேட்கிறாள். அவள் அணிந்திருப்பது தாயின் செருப்பு, நீல நிறம். இந்த இடத்தில் அவன் ஊசியைக் கொடுப்பானா, மாட்டானா, கொடுக்காமல் விட்டால் அவள் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்வாளா என்பவற்றை நான் சொல்லப்போவதில்லை. கதை உங்களுடையது.

கேள்வி: 'ஃபிளாஷ்ஃபோர்வேர்ட்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தேன். அது ஒரு நாவலைத் தழுவியது என்று அறிகிறேன். இரண்டுக்கும் வேறுபாடு உண்டா? எழுதப் பழகும் மாணவர்களுக்கு அதிலிருந்து என்ன சொல்லிக்கொடுக்கலாம்?
*(ஆசிரியை, முழங்காவில்)*

பதில்: பெரிய வேறுபாடு உண்டு. கனடிய எழுத்தாளர் ராபர்ட் ஜே. சோயர் 1999இல் வெளியிட்ட நாவலில், ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுகூடமான சேர்னில் நடக்கும் ஒரு பரிசோதனையின்போது உலக மக்கள் அனைவரும் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு நினைவிழந்து, 21 ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள தங்கள் வாழ்வைப் பார்க்கிறார்கள். 2009இல் வந்த தொடரில் பார்வை 2 நிமிடம் 17 செக்கனாகவும், தூரம் வெறும் ஆறு மாதங்களாகவும் மாற்றப்பட்டன. இந்த மாற்றத்தையே நீங்கள் வகுப்பில் எடுத்துப் பேசலாம். இருபத்தொரு ஆண்டுகள் என்னும்போது, திருமணம் நிலைக்குமா, நான் என்னவாக ஆகியிருப்பேன் என்று மனிதர்கள் தங்களுக்குள் இறங்கி யோசிக்கிறார்கள். ஆறு மாதம் என்னும்போது நாட்காட்டியில் ஒரு நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு அதை நோக்கி ஓடுகிறார்கள். பார்க்கப்படும் தூரம் குறையக் குறையச் சிந்தனைக் கதை துப்பறியும் கதையாகிவிடுகிறது. எனக்கு நாவலின் தூரமே பிடித்திருந்தது. தொடர் ஒரே பருவத்தோடு நின்றும் போனது.

இரண்டிலும் பொதுவான ஓர் அம்சத்தை மாணவர்கள் தவறவிடக் கூடாது. சுற்றியிருப்பவர்கள் எதையோ பார்த்திருக்க, முக்கிய பாத்திரங்களில் ஒருவர் தான் எதையும் பார்க்கவில்லை என்கிறார். அப்படியானால் அந்த நாளில் அவர் உயிரோடு இருக்கமாட்டார் என்பது அவருக்கும் மற்றவர்களுக்கும் மெல்ல உறைக்கிறது. பார்த்தவற்றை விவரிக்கும் பக்கங்களை நான் மறந்துவிட்டேன், இதை மறக்கவில்லை. இன்னொன்று: உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் மயங்கினால் அந்த இரண்டு நிமிடங்களில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் நீந்திக்கொண்டிருந்தவர்களும் என்னாவார்கள் என்பதையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். எமது மாணவர்களின் கதைகளில் நாயகன் மயங்குகிறான், எழுகிறான், உடுப்பில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டுவதில்லை.

கேள்வி: உண்மையில் அறிவியல் இதற்கு இடம் கொடுக்கிறதா, அல்லது முழுவதும் கற்பனையா?
*(வாசகர், ஓமந்தை)*

பதில்: எதிர்காலத்திலிருந்து ஒரு செய்தி நிகழ்காலத்துக்கு வந்து சேர்ந்ததாக எந்தப் பரிசோதனையும் காட்டியதில்லை. ஆனால், கணித்து அறிவது வேறு விடயம். அது எங்களைச் சுற்றி எப்போதும் நடக்கிறது. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து துடுப்பாட்ட வீரரை அடைய ஏறத்தாழ அரைச் செக்கன் போதும். பந்து வந்து சேர்ந்த பிறகு முடிவெடுப்பதென்றால் விக்கெட் விழுந்துவிடும் என்பதால், அவருடைய மூளை பந்து இனிமேல் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்துக் கையை நகர்த்துகிறது. ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கு வழங்கப்படும் நிலநடுக்க முன்னெச்சரிக்கையும் இவ்வகையானதே. நிலநடுக்கம் இரண்டு வகை அலைகளை அனுப்புகிறது. சேதம் குறைந்த அலை வேகமாகவும், கட்டடங்களை உலுப்பும் அலை பின்னாலும் வருவதால், முதலாவதைப் பிடித்தவுடன் இரண்டாவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் சில செக்கன்கள்தான். மேசைக்குக் கீழே நுழைய அது போதும்.

இதை எழுதும்போது 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருக்காது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தபோது வன்னி மணிக்கூடுகளில் காலை 6.28. நில அதிர்வு அலைகள் சில நிமிடங்களிலேயே எங்கள் காலுக்குக் கீழால் கடந்து போயிருக்கும். கடல் முல்லைத்தீவுக் கரையில் ஏற ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இடைவெளியில் எதிர்காலம் கருவிகளின் தாளில் கோடாக விழுந்துகொண்டிருந்தது. அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க இந்து சமுத்திரத்தில் அன்று ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. எதிர்காலத்தைப் பார்ப்பதைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளைகள், பார்த்தவர் அதை யாரிடம், எந்த வழியால், எவ்வளவு நேரத்துக்குள் சொல்லிச் சேர்ப்பார் என்பதையும் எழுத வேண்டும் என்று நான் விடாமல் கேட்பது இதனால்தான்.

வன்னி மணிக்கூடு என்று சொன்னது இளையவர்களுக்கு விளங்காமல் போகலாம். 1996இல் மின்தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னே நகர்த்தியது. அவ்வாண்டு இறுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை அது அரை மணித்தியாலம் முன்னதாகவே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ பழைய நேரத்தை மாற்றவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, உங்கள் ஓமந்தையைத் தாண்டி வவுனியாவுக்குப் போனவர்கள் எல்லோரும் அரை மணித்தியாலம் எதிர்காலத்துக்குள் போனார்கள், திரும்பி வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய நேரமா, புது நேரமா என்று கேட்காமல் எவரும் எவரையும் சந்திக்க ஒழுங்கு செய்ததில்லை. இதை வைத்து ஒரு புனைகதையாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

கணிப்பின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். எட்வேர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் 1961இல் தன் கணினியில் ஒரு கணக்கை மீண்டும் ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். தொடக்கத்தில் இரண்டு விடைகளும் ஒன்றாகவே போயின. போகப்போக ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலைகளாகப் பிரிந்துவிட்டன. நாளைய மழையைச் சொல்ல முடிகிறவர்களுக்கு அடுத்த காலபோகத்தின் மழை நாட்களைத் திகதியிட்டுச் சொல்ல முடியாதது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கேள்வி: முடிவை முன்பே காட்டிவிட்டால் வாசகர் எதற்காகத் தொடர்ந்து வாசிப்பார்? இது ஒரு முரண்பாடு இல்லையா?
*(வாசகி, முள்ளியவளை)*

பதில்: கேட்பவர் முள்ளியவளையிலிருந்து கேட்பதுதான் வேடிக்கை. உங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடும்போது, கோவலன் வெட்டுப்படுவான் என்பது தெரியாமல் எவராவது பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து விடியும்வரை இருந்ததுண்டா? வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும்போது கூடி நிற்பவர்களில், மதுரைக்கு என்ன நடந்தது என்று தெரியாத ஒரு பிள்ளையேனும் உண்டா?

எதிர்காலத்தை ஒரு கணம் பார்க்கும் கதை தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்கிறாள். கணவன் கையைப் பிடித்து அழைத்துப் போகிறான். இருவரும் ஒரு பெரிய ஊருக்குள் நுழைகிறார்கள். அவ்வூரார் பொருந்தாத பழியொன்றைச் சுமத்துகிறார்கள். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததென்று கேட்டு அவள் அரசன்முன் வழக்குரைக்கிறாள். அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது. காப்பியத்தின் பாதிக் கதை இதில் வந்துவிட்டது. தேவந்தி பரிகாரமாகக் குளத்தில் நீராடிக் காமவேளை வணங்கச் சொல்ல, அது தனக்குப் பெருமை ஆகாதென்று கண்ணகி மறுக்கிறாள். அந்த நேரத்தில் கோவலன் வாசலுக்கு வந்துவிடுகிறான். இழந்த பொருளைச் சொல்லி அவன் நாணி நிற்க, அவள் தன்னிடம் சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

அந்தக் கனவை மீண்டும் ஒரு தடவை பாருங்கள். ஊர் இருக்கிறது, பழி இருக்கிறது, அரசன் இருக்கிறான். சிலம்பு மட்டும் இல்லை. விளைவு முழுவதையும் காட்டிய கனவு காரணத்தைக் காட்டாமல் விட்டுவிட்டது, காட்டாமல் விட்ட அதையே அவள் தன் கையால் எடுத்து நீட்டுகிறாள். இளங்கோவடிகள் இதை நினைத்தே செய்தாரா என்பதில் தமிழ்ப் புலவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். கிளிநொச்சித் தம்பிக்குச் சொன்ன ஊசியும் இந்தச் சிலம்பிலிருந்து திருடியதுதான். முடிவு தெரிந்த வாசகர், அதற்குப் போகும் கதவு எது என்று தெரியாமல் ஒவ்வொரு கதவின் முன்னாலும் பதறுவார்.

கேள்வி: பார்த்த எதிர்காலத்தை நாயகன் தடுத்துவிட்டால் அவன் பார்த்தது எதிர்காலமே இல்லையே?
*(மாணவி, நெடுங்கேணி)*

பதில்: இல்லைத்தான். அதனால் மாற்றலாமா, மாற்ற முடியாதா என்பதை முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், பிறகு இரக்கம் காட்டாதீர்கள். முதல் பாதியில் முடியாது என்றும், கடைசிப் பக்கத்தில் காதலியைக் காப்பாற்றுவதற்காக மட்டும் முடியும் என்றும் எழுதிய மூன்று கதைகள் என் மேசையில் கிடக்கின்றன.

கேள்வி: சாத்திரியார் சொல்வதற்கும் இந்தக் கதைகளுக்கும் என்ன வித்தியாசம்?
*(வாசகர், புதுக்குடியிருப்பு)*

பதில்: பார்த்ததற்கு ஒரு பொறிமுறையும், அது பிழைத்தால் ஒரு விலையும் வைக்க வேண்டிய கடமை கதாசிரியருக்கு இருக்கிறது. ஆனால், உங்கள் கேள்வி வேறொன்றை நினைவுபடுத்துகிறது. எதிர்காலம் தெரிந்த ஒருவர் எங்கள் ஊரொன்றில் இருக்கிறார் என்ற கதை பரவினால், அடுத்த நாள் விடியற்காலையில் அவர் படலையடியில் வந்து நிற்பவர்கள் அதிர்ஷ்டலாபச் சீட்டின் இலக்கம் கேட்பவர்களாக இருக்கமாட்டார்கள். மடித்து மடித்து ஓரம் கிழிந்த புகைப்படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, என் பிள்ளை இந்தப் படலையால் வருவானா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ என்று கேட்கும் தாய்மாராகவே இருப்பார்கள். அவருக்குத் தெரிவதோ அடுத்த இரண்டு நிமிடம் மட்டும். அந்த இரண்டு நிமிடத்தில் படலையடியில் அவர் யாரைப் பார்க்கிறார், அந்த அம்மாவுக்கு என்ன சொல்கிறார் என்று எழுதத் துணிபவர் ஒருவர் வன்னியிலிருந்து வந்தால், பக்க அளவு பார்க்காமல் பிரசுரிப்போம்.

கேள்வி: உங்களுக்கு அந்த ஆற்றல் கிடைத்தால் எவ்வளவு நேரம் கேட்பீர்கள்?
*(வாசகர், மாங்குளம்)*

பதில்: பத்து நிமிடம் தந்தால் போதும். போன அறுவடையின்போது பரந்தன் – முல்லைத்தீவு வீதி ஓரத்தில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு, வெயில் நன்றாக எறிக்கிறது என்ற நம்பிக்கையில் தேநீர்க் கடைக்குள் ஏறினேன். பிளேன்டீ ஆறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. படங்கு வீட்டில் இருந்தது.