வயர் கட்டிய நாய்க்குட்டி

வணக்கம் அண்ணா,

வட்டக்கச்சிப் பக்கத்தில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். காலையில் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான் அதிகம். போன கிழமை ஒரு பெடியன் நாய்க்குட்டியொன்றின் கழுத்தில் வயரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ஏசினேன். "எனக்கும் வீட்டில அடிதான் ரீச்சர்" என்றான். இந்தப் பிள்ளைகளிடம் போய் நாய்க்கு இரக்கம் காட்டு என்று சொல்லலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

சொல்லலாம். ஆனால் ஏசவேண்டாம். முதலில் அவனுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள், பிறகு பேசுங்கள்.

அவன் குட்டியை வதைக்கக் கொண்டுவந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. தனக்கென்று ஓர் உயிர் வேண்டுமென்று கொண்டுவந்திருக்கிறான். கட்டுவதற்குக் கையில் அகப்பட்டது வயர். பழைய சீலைத் துணியைப் பின்னிக் கழுத்துப்பட்டி செய்ய அவனுக்குக் காட்டிக்கொடுங்கள். கழுத்துக்கும் பட்டிக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர வளரப் பட்டி இறுகும், கவனிக்காமல் விட்டால் தோலை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். கிழமைக்கொரு தரம் விரல் விட்டுப் பார்ப்பது அவனுடைய பொறுப்பாக இருக்கட்டும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை நிறைய. வன்னி வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது, எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நிழலில் உடைந்த சட்டியொன்றில் தண்ணீர் வைத்தால் போதும். வால் கால்களுக்கு இடையில் ஒடுங்கினால் பயம், அப்போது தொடக்கூடாது. பூனைக்குச் சுகமில்லையென்று நாங்கள் காய்ச்சலுக்குப் போடுகிற பனடோல் கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொல்லுங்கள். ஒரு குளிசையே அதைக் கொன்றுவிடலாம்.

ஏசவேண்டாம் என்று நான் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏச்சுக்குப் பயந்த பிள்ளை கடிபட்டதை மறைத்துவிடும். விசர்நாய் நோயின் அறிகுறிகள் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வளர்த்த குட்டி கடித்தாலும், கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களிடம் ஓடிவந்து சொல்லலாம் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும்.

உங்கள் கேள்வியை வாசித்தபோது அம்மம்மாதான் நினைவுக்கு வந்தா. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 15 வயது. உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றியாயிற்று, ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. அம்மம்மா திரும்பிப் போய் மாட்டையும் நாயையும் அவிழ்த்துவிட்டா. கிணற்றில் அள்ளி ஒரு வாளித் தண்ணீரும் வைத்தா. அடுத்த வேளை எங்களுக்குக் குடிதண்ணீர் எங்கே கிடைக்குமென்று தெரியாத நேரம் அது. ஏறச் சொல்லி அப்பா கத்தினார். வாளி நிறையும்வரை அவ வரவில்லை.

உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி போடும் நாளைச் சொல்வார். அன்றைக்குக் குட்டியை அந்தப் பெடியனே பிடித்துக்கொண்டு வரட்டும்.