கடலுக்குப் போவது வீணா?

அன்புள்ள ஐயா,

தாமிரபரணி எங்கள் மலையில் பிறக்கிறது. காட்டில் ஆடு மேய்க்கக் கூடாது, விறகு எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் எங்களுக்குத்தான். எங்கள் தண்ணீரோ தூத்துக்குடி வரை போகிறது, மிச்சம் வீணாகக் கடலில் கலக்கிறது. பலனை அனுபவிக்கும் கீழ்ப்பகுதிக்காரர்கள் எங்களுக்கு ஏதாவது தர வேண்டாமா? காற்றாலை வருமானத்திலும் பங்கு கேட்கலாமா?

– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பியதிலிருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

காட்டோர ஊர்களின் கஷ்டத்துக்கு ஈடு கேட்பது நியாயம். கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். காற்றாலை வேறு கதை, இங்கே வேண்டாம். ஆனால் ‘எங்கள் தண்ணீர்’ என்று எப்படி எழுத மனசு வந்தது?

ஆடி மாதம் நெல்லை டவுனில் நின்று பாருங்கள். மேகம் தலைக்கு மேல் ஓடும், நாலு தூறலோடு சரி. ஆற்றிலோ தண்ணீர் புரளும். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால் போதும், எங்கள் ஆச்சி, “நாத்துப் பாவலாம்லே” என்பாள். வயல் காய்ந்து கிடக்கும், அவள் பார்வை மலை மேல் இருக்கும். நம் கார் பருவ நெல் சாகுபடியே நம் வயலில் பெய்யாத மழையில் விளைவது. அரபிக்கடலில் ஏறிய ஈரம் கேரளத்துச் சரிவில் கொட்டியது போக, முகட்டைத் தாண்டி விழும் மிச்சம் அது. முண்டந்துறைக் காடு அதைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கேரளத்துக்காரர்கள் மேகத்துக்கு விலை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சரி, அதையாவது விடலாம். ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்ற வார்த்தையை என்னால் விட முடியாது. படித்தவர்கள், மேடையில் பேசுகிறவர்கள், இப்போது நீங்கள். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். அத்தனையும் தாண்டி ஒரு ஆறு கடலைத் தொடுவதே பாடு. அதையும் வீண் என்கிறீர்கள்.

எனக்குப் பதினாலு வயதில் அப்பாவோடு, நம் ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் போனேன். நெல் வியாபார விஷயமாகப் போயிருந்தோம். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் அடுத்த கேள்வி, “மேல மழை உண்டா? அணை நெறஞ்சிட்டா?” சொந்தக்காரர் உடம்பை விசாரிக்கிற குரல் அது. ஆற்றில் கலங்கல் தண்ணீர் வந்தால்தான் அவர்களுக்கு இறால். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு உப்பும் நன்னீரும் கலந்த முகத்துவாரத்துக்கு வந்துதான் வளர்கிறது. ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறும், கிணறு உவர்க்கும். கரைக்கு மணல் கொண்டுவருவதும் ஆறுதான். அலையாத்தி மரங்கள் நிற்பதும் அந்தக் கலவையில்தான். இதில் எதை வீண் என்பீர்கள்?

இன்னொன்றும் யோசியுங்கள். ஐப்பசியில் உங்கள் பிசானப் பருவ நெல்லுக்கு வருகிற மழை கீழ்க்கடலிலிருந்து ஏறி வருவது. கடலுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை விவரமாக எழுதி அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு முறை புன்னைக்காயல் போய் வாருங்கள். நாங்கள் திரும்பும்போது ஆத்தூரில் இறங்கி, அப்பா ஆச்சிக்கு வெற்றிலை வாங்கினார். அந்தக் கொடிக்காலுக்கும் நம் ஆற்றுத் தண்ணீர்தான். ஆச்சி அதை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “நம்ம தண்ணி ருசி தெரியுது” என்றாள்.