சிரிப்பு வாயுவும் சுப்ரீம் கோர்ட்டும்

கேள்வி: அமெரிக்காவுல இருக்கற என் பொண்ணு, 'செவ்ரான்' தீர்ப்பை கோர்ட் தூக்கிருச்சு, இனிமே காத்து, மருந்து எதுக்கும் பாதுகாப்பு இல்லன்னு போன்ல புலம்புறா. எனக்குத் தெரிஞ்சு செவ்ரான்னா பெட்ரோல் கம்பெனி. என்ன விஷயம் சார்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: அதே பெட்ரோல் கம்பெனிதாம்மா! 1984 கேஸ். காற்று மாசு சட்டத்துல 'மாசு வர்ற இடம்'னு இருக்கு, அது ஒத்தை புகைக்குழாயா, மொத்த ஃபேக்டரியான்னு சட்டம் சொல்லல. மொத்த ஃபேக்டரியையும் ஒண்ணா எடுத்துக்கலாம், ஒரு குழாயில புகை கூடினாலும் இன்னொண்ணுல குறைச்சுட்டா சரின்னு சுற்றுச்சூழல் ஏஜென்சி இ.பி.ஏ சொன்னுச்சு, சட்டம் தெளிவா இல்லாத இடத்துல ஏஜென்சி சொல்ற அர்த்தம் நியாயமா இருந்தா நாங்க தலையிட மாட்டோம்னு சுப்ரீம் கோர்ட் ஒதுங்கிக்கிச்சு. அதுதான் செவ்ரான் விதி, 40 வருஷம் ஓடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, அன்னிக்கு தோத்தது சுற்றுச்சூழல்காரங்க. அதிபர் ரீகன் ஆட்சி, கம்பெனிக்கு வசதியா அந்த ரூலைத் தளர்த்தினப்போ இ.பி.ஏ தலைவி ஆன் கோர்சச். 2024 ஜூன் 28-ல அந்த விதியைத் தூக்கின ஜட்ஜுங்கள்ல ஒருத்தர் நீல் கோர்சச், அவங்க மகன்!

தூக்க வச்சது யாரு தெரியுமா, ஹெர்ரிங் மீன் பிடிக்கிற படகுக்காரங்க. படகுல வர்ற அரசாங்கக் கண்காணிப்பாளருக்கு நீங்களே சம்பளம் கொடுங்கன்னு ரூல், ஒரு நாளைக்கு 710 டாலர் வரைக்கும் ஆகும்னு கணக்கு. சட்டத்துல அப்படி எங்க இருக்குன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, ஜெயிச்சாங்க. இனி சட்டத்துக்கு அர்த்தம் சொல்ற வேலை ஜட்ஜோடது, ஏஜென்சி சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கலாம், கேட்டே ஆகணும்னு இல்ல.

கேள்வி: சட்டத்துக்கு ஜட்ஜ் அர்த்தம் சொல்றதுல என்ன தப்பு? அதுக்குத்தானே சம்பளம்? (அதே வாசகியின் கணவர்)

பதில்: நியாயமான கேள்வி சார். ஆனா சில வார்த்தை டிக்‌ஷனரியில அடங்காது. 2022 ஏப்ரல்ல, அதாவது செவ்ரான் உயிரோட இருந்தப்பவே, ஃபிளைட்ல மாஸ்க் போடணும்ங்கிற நோய்த் தடுப்பு ஏஜென்சி சி.டி.சி-யோட உத்தரவு ஃப்ளோரிடா ஜட்ஜ் ஒருத்தர்கிட்ட போச்சு. 1944 சட்டத்துல நோய் பரவாம தடுக்க 'சானிடேஷன்' பண்ணலாம்னு இருக்கு. அவங்க பழைய டிக்‌ஷனரியெல்லாம் புரட்டி, சானிடேஷன்னா சுத்தம் பண்றது, மாஸ்க் எதையும் சுத்தம் பண்ணலையே, வைரஸ் துளியைப் பிடிச்சு வைக்குது அவ்ளோதானேன்னு உத்தரவை ரத்து பண்ணிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி ஆகாசத்துலயே பைலட் மைக்ல அறிவிக்க, பல பேர் மாஸ்க்கைக் கழட்டிக் கைதட்டினாங்க. பக்கத்து சீட்டுல கேன்சருக்கு கீமோ எடுத்துக்கிட்டு எதிர்ப்பு சக்தி குறைஞ்சவர் இருந்திருந்தா அவரு என்ன பண்ணுவாரு, எங்க இறங்குவாரு?

இன்னொண்ணு கேளுங்க. செவ்ரான் விழுறதுக்கு முந்தின நாள்தான், ஒரு மாநிலத்துப் புகை காத்துல மிதந்து பக்கத்து மாநிலத்துக்குப் போறதைத் தடுக்கிற இ.பி.ஏ திட்டத்தை அதே கோர்ட் நிறுத்தி வச்சுது. விஷயம் நைட்ரஜன் ஆக்சைட்ஸ், நுரையீரலைக் கெடுக்கிற ஓசோன் அதுலருந்துதான் உருவாகுது. தீர்ப்புல கோர்சச் 5 இடத்துல 'நைட்ரஸ் ஆக்சைடு'ன்னு எழுதிட்டாரு, அது பல் டாக்டர் கொடுக்கிற சிரிப்பு வாயு! அப்புறம் சத்தமில்லாம திருத்தினாங்க. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி வாத்தியார்னா மார்க்கைக் குறைச்சிருப்பாரு.

இப்போ பலன் தெரிய ஆரம்பிச்சிருக்கு. லேப்காரங்க தாங்களே தயாரிக்கிற ரத்த டெஸ்ட், ஜீன் டெஸ்ட்டையெல்லாம் மருத்துவக் கருவி மாதிரி சோதிப்போம்னு உணவு, மருந்து ஏஜென்சி எஃப்.டி.ஏ 2024-ல ரூல் போட்டுது, டெஸ்ட் ஒரு சேவை, கருவி இல்லன்னு 2025 மார்ச்ல டெக்சாஸ் ஜட்ஜ் ரத்து பண்ணிட்டாரு. செலவு தாங்காதுன்னு லேப்காரங்க சொன்னதுலயும் உண்மை உண்டு, ஆனா தப்பான ரிசல்ட்டை நம்பி மருந்து சாப்பிடறவருக்கு அது கருவியா சேவையான்னா கேட்கத் தோணும்?

அதுக்காக ஏஜென்சி சொல்றதெல்லாம் வேதவாக்குன்னும் நான் சொல்லல. ஆளுங்கட்சி மாறினா ஏஜென்சி தலையும் மாறும், அர்த்தமும் மாறும். நாளைக்கு ஏஜென்சியே ஏடாகூடமா ரூல் போட்டா, அதை எதிர்க்கிற டாக்டர்களும் இந்த 2024 தீர்ப்பைத்தான் தூக்கிட்டுப் போவாங்க. உங்க பொண்ணுகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, செவ்ரானை வச்சு முன்னாடி செல்லும்னு சொன்ன ரூலெல்லாம் அதனாலயே செல்லாமப் போயிடாதுன்னு தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அந்தத் தீர்ப்புலயே எழுதியிருக்காரு. வம்பெல்லாம் இனிமே போடப்போற ரூலுக்கும், கோர்ட் இதுவரைக்கும் செல்லும்னு சொல்லாத ரூலுக்கும்தான்.