மானியத்த நம்பி அட்வான்ஸ் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகி, ஆவடி): சார், எனக்கு மாசம் 32,000, வீட்டுக்காரருக்கு 38,000 சம்பளம். ரெண்டு பேர் பேர்லயும் எங்கயும் வீடு கிடையாது. பக்கத்துலயே ஒரு பழைய ஃப்ளாட் 28 லட்சத்துக்கு வருது. பிரதமர் வீட்டு வசதி திட்டத்துல 1.80 லட்சம் குடுக்குறாங்களாமே, அத வச்சு அட்வான்ஸ் போட்டுட்டு மிச்சத்துக்கு லோன் போடலாம்னு இருக்கோம். சரிப்பட்டு வருமா?

பதில்: வராதும்மா. திட்டத்துக்குள்ள நீங்க வர்றீங்க, ஆனா உங்க கணக்கு வராது. 2024 செப்டம்பர்ல ஆரம்பிச்ச ரெண்டாவது ரவுண்டுல, வட்டி மானியம்ங்கிற பிரிவுக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சம் வரைக்கும் இருக்கலாம், உங்களுது 8.40 லட்சம், சரி (போனஸ் வந்தா எவ்ளோ ஆகும்னு ஒரு தடவ கூட்டிப் பாத்துக்கங்க). வீட்டோட மதிப்பு 35 லட்சத்துக்குள்ள இருக்கணும், லோன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும், கார்ப்பெட் ஏரியா (சுவத்துக்கு உள்ள புழங்குற தரைப் பரப்பு) 120 சதுர மீட்டருக்கு மேல போகக்கூடாது, அதுவும் ஓகே. பழைய ஃப்ளாட் வாங்குனாலும் தப்பில்ல.

விஷயம் எங்க இடிக்குதுன்னா, அந்த 1.80 லட்சம் உங்க கைக்கே வராது. லோன்ல மொத 8 லட்சத்துக்கு 4 சதவீதம் வட்டி மானியம்னு கணக்குப் போட்டு, வருஷத்துக்கு அதிகபட்சம் 36,000ன்னு அஞ்சு தவணையா உங்க லோன் அக்கவுண்ட்ல வரவு வைப்பாங்க. அதாவது மொதல்ல வீடு வாங்கி லோனும் எடுத்தாதான் மானியம்ங்கிற பேச்சே.

இப்ப உங்க கைக்காசு எவ்ளோ வேணும்னு பாருங்க. 25 லட்சம் லோன் போச்சுன்னா பாக்கி 3 லட்சம் நீங்க போடணும். பழைய ஃப்ளாட்டுங்கறதால முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 28 லட்சத்துக்கு 2,52,000 ஆச்சு. அதையும் பேங்க்ல குடுக்க மாட்டாங்க. ஆகக்கூடி அஞ்சரை லட்சம் ரொக்கமா வேணும், அதுக்கப்புறம் ப்ராசஸிங் ஃபீ, லீகல் ஒப்பீனியன், பத்திரம் எழுதுறவர் கூலி, சாமான் ஏத்துற வண்டி வாடகை வரைக்கும் இருக்கு. எட்டரை வட்டில 20 வருஷம்னா இஎம்ஐ 21,700 கிட்ட வரும், அப்ப அந்த 36,000ங்கிறது ஒன்றரை மாச இஎம்ஐக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். வேண்டாம்னு சொல்லல, அஞ்சு வருஷம் வர்ற காசு, நல்ல காசுதான். ஆனா அத நம்பி அட்வான்ஸ் நீட்டாதீங்க.

இன்னொன்னு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு தவணை வர்றப்பவும் லோன் உயிரோட இருக்கணும், அசல்ல பாதிக்கு மேல பாக்கியும் இருக்கணும். சீட்டு எடுத்த பணம், நகை வித்த பணம்னு கொண்டுபோய் மூணாவது வருஷமே பாதிக்கு மேல அடைச்சிட்டீங்கன்னா மிச்சத் தவணை போயிடும். அதுக்காக கடன அடைக்காம வச்சிருக்கச் சொல்லல, வட்டி மிச்சம் பெருசா தவணை பெருசான்னு பேப்பர்ல போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பத்திரம் உங்க பேர்லயோ இல்ல ரெண்டு பேர் பேர்லயுமோ போடுங்க, வீட்டுக்காரர் பேர்ல மட்டும் வேணாம்.

கேள்வி (வாசகர், திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமம்): அப்பா இன்னும் ஓலைக் குடிசைலதான் இருக்காரு, பட்டா அவர் பேர்ல இருக்கு. இதே திட்டத்துல எழுதிக் குடுக்கலாமா?

பதில்: மேல சொன்னது டவுன் பக்கத்துக்கு தம்பி. உங்களுக்கு மாநில அரசோட கலைஞர் கனவு இல்லம்தான் சரி. 2030க்குள்ள குடிசையே இருக்கக்கூடாதுன்னு 2024ல அறிவிச்சது. 3.50 லட்சம் குடுக்குறாங்க, வீடு 360 சதுர அடி, அதுல 300 சதுர அடிக்காவது கான்க்ரீட் தளம் போடணும். பணம் வேலை ஆக ஆக பிரிச்சு பிரிச்சுதான் வரும், அதனால கடக்கால் தோண்டுற செலவுக்கு கையில கொஞ்சம் இருக்கட்டும், மேஸ்திரி சும்மா நிக்க மாட்டாரு. ஊராட்சி ஆபீஸ்ல லிஸ்ட்டுல அப்பா பேர் இருக்கான்னு மொதல்ல பாருங்க, இல்லன்னா அடுத்த கிராம சபைல எந்திரிச்சு கேளுங்க, அங்க கேக்க வெக்கப்பட்டுட்டு அப்புறம் டீக்கடைல திட்டி பிரயோஜனம் இல்ல.

கேள்வி (வாசகர், கோவை): எனக்கு 29 வயசு, கல்யாணம் ஆகல, அப்பா பேர்ல வீடு இருக்கு. மானியம் வருமா?

பதில்: வராது. புருஷன், பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க எல்லாம் சேந்து ஒரே குடும்பம்னுதான் கணக்கு, அந்தக் குடும்பத்துல யார் பேர்லயும் நாட்டுல எங்கயும் பக்கா வீடு, அதாவது செங்கல் சிமெண்ட்ல கட்டுன நிரந்தர வீடு, இருக்கக்கூடாது. கல்யாணம் ஆகிட்டா நீங்க தனிக் குடும்பம், அப்பா வீடு கணக்குல வராது. வீட்டுல பொண்ணு பாக்கச் சொல்ல இது ஒரு புது காரணம்!

கேள்வி (வாசகி, சேலம்): ஒருத்தர் 15,000 குடுத்தா மானியத்துக்கு ஃபைல் மூவ் பண்ணித் தரேங்கறாரு. நம்பலாமா?

பதில்: குடுக்காதீங்க. அரசாங்க வெப்சைட்ல ஆதார் போட்டு நீங்களே அப்ளை பண்ணலாம், வீட்டுல எல்லாரோட ஆதாரும் கேக்கும், எடுத்து வச்சுக்கங்க. ஏற்கனவே அட்வான்ஸ்னு ஏதாச்சும் குடுத்திருந்தா இன்னிக்கே போய் திருப்பிக் கேளுங்க.