பக்கம் மாறினால் எந்தக் குறி மாறும்?

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தேர்வில் 2எக்ஸ் – ஒய் < 4 என்ற அசமன்பாட்டுக்கு வரைபடம் கேட்டிருந்தார்கள். கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டு, தப்பான பக்கத்தில் நிழலிட்டு வைத்திருக்கிறாள். 'உனக்குக் கணக்கு மண்டையில் ஏறாது' என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். டியூஷன் வைக்கலாமா? மொபைலில் வரைபடம் போடும் செயலிகள் உதவுமா? இதெல்லாம் வாழ்க்கையில் எதற்குத்தான் பயன்படும்?

ச., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ச.,

மகளிடம் நீங்கள் சொன்னது பெரிய தப்பு. (2, 0), (0, –4) இரண்டையும் கண்டுபிடித்துக் கோடு இழுத்த பெண்ணுக்கு முக்கால் கணக்கு தெரியும். இன்றைக்கே அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

செயலி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். வாழ்க்கைக்கு எதற்கு என்பதை இன்னொரு நாள் பேசுவோம். என்னை எழுத வைத்தது அந்தத் தப்பான பக்கம்தான்.

–ஒய் < 4 – 2எக்ஸ் என்பது வரை சரியாக வந்திருப்பாள். அடுத்த வரியில் மைனஸை நீக்கி, ஒய் < 2எக்ஸ் – 4 என்று எழுதிக் கோட்டுக்குக் கீழே நிழலிட்டிருப்பாள். அங்கே < என்பது > ஆகியிருக்க வேண்டும்.

இதற்கு அவளைத் திட்டிப் பயனில்லை. 'பக்கம் மாறினா குறி மாறும்' என்று ஆறாம் ஏழாம் வகுப்பிலிருந்தே பாட்டு மாதிரி ஒப்பிக்க வைக்கிறோமே, அந்த வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. கூட்டல் கழித்தலையும் குறி என்கிறோம், < > இரண்டையும் குறி என்கிறோம். எந்தக் குறி மாறும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பள்ளியில் படித்தபோது எனக்கும் தெரியவில்லை. 3 – 2எக்ஸ் < 9 என்ற கணக்கில், 3-ஐ வலப்பக்கம் கொண்டுபோனபோது நடுவிலிருந்த குறியையும் சேர்த்துத் திருப்பி –2எக்ஸ் > 6 என்று எழுதினேன். அது தப்பு. அப்புறம் –2ஆல் வகுத்தபோது திருப்ப வேண்டியதைத் திருப்பவில்லை. எக்ஸ் > –3 என்று வந்தது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாகிவிட்டது! முழு மதிப்பெண். திருத்திய ஆசிரியர் நடு வரியைப் படிக்கவே இல்லை. அடுத்த தேர்வில் அதே வழியில் போட்டேன், எல்லாம் தப்பு. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பெரியப்பா பாண்டியில் மில் வேலை பார்த்தவர், எட்டாவது வரைதான் படித்தவர். என்னிடம் விவரம் கேட்டுவிட்டு, தரையில் ஒரு கோடு கிழித்தார். "கடலூர் பஸ் ஸ்டாண்டு பூஜ்யம். பாண்டிப் பக்கம் பிளஸ், சிதம்பரம் பக்கம் மைனஸ். நீ பாண்டி ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர்ல நிக்கிற, நான் அஞ்சுல நிக்கிறேன். பாண்டிக்கு யாரு கிட்ட?" "நீங்க." "இப்ப ரெண்டு பேரையும் அதே தூரத்துக்கு சிதம்பரம் ரோட்டுல நிறுத்து. இப்ப யாரு கிட்ட?" நான்தான். 2 < 5, ஆனால் –2 > –5. மைனஸால் பெருக்குவது என்றால் சாலையையே பூஜ்யத்தில் வைத்துத் திருப்பிப் போடுவது. இரண்டு பேரும் சேர்ந்து மூன்று கிலோமீட்டர் நகர்ந்தால் வரிசை மாறாது. கூட்டலும் கழித்தலும் அந்த நகர்தல்தான்.

சமக்குறி 1557-ல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டின் நூலில் வந்தது. < > இரண்டும் இன்னொரு கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் இறந்து பத்து வருஷம் கழித்து, 1631-ல் அச்சான அவருடைய நூலில் வந்தன. இரண்டு பக்கங்களுக்கும் என்ன உறவு என்று சொல்வதற்காக நடுவில் வைத்தவை அவை. எண்ணோடு ஒட்டிக்கொண்டு வருகிற மைனஸுக்கும் அவற்றுக்கும் ஒரே பெயர் எதற்கு? வீட்டில் நீங்களாவது < > இரண்டையும் 'வாய்' என்று சொல்லுங்கள். 3, 2எக்ஸ் போன்ற ஓர் உறுப்பு பக்கம் மாறினால் அதன் பிளஸ் மைனஸ் குறி மாறும், வாய் திரும்பாது. மைனஸால் பெருக்கினாலோ வகுத்தாலோ வாய் திரும்பும்.

நிழலிடும் முன் ஆதிப்புள்ளியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ் 0, ஒய் 0 என்றால் 0 < 4, உண்மை. ஆகவே ஆதிப்புள்ளி இருக்கிற பக்கம்தான் விடை, இங்கே அது கோட்டுக்கு மேலே. கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால் வேறு புள்ளி எடுக்க வேண்டும். கோடு புள்ளிக்கோடாக இருக்க வேண்டும், 'குறைவு' என்பதில் கோடு சேராது.

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை முடிவு செய்யும் முன் அந்த விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். மதிப்பெண்ணை மறைத்துவிடுங்கள். அவள் மைனஸை நீக்கிய வரியை மட்டும் நான் பார்க்க வேண்டும்.