நல்லூர்த் தேர் முடிந்த பிறகும் இருந்து பாருங்கள்: ஊரில் ஓய்வுகாலம், கேள்வி பதில்

ஓய்வு பெற்ற பிறகு யாழ்ப்பாணம் திரும்புவது பற்றிக் கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட நிறைய வந்துவிட்டன. நான் ரொறன்ரோவில் 29 வருடம் வரிக் கணக்காளராக வேலை செய்தவன். 2017இல் மனைவியுடன் இணுவிலுக்கு வந்தேன். கனடாப் பென்சன், வரி, காணி அலுவலில் நானே பட்டது, இங்கத்தைய நாளாந்த வாழ்க்கை, இவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

பிரம்டனிலிருந்து ஒருவர்: எனக்கு 66, மனைவிக்கு 65. இருவரும் கனடா வந்து 27 வருடம். வீட்டை விற்றுவிட்டுக் கோண்டாவிலில் கட்டிக்கொண்டு நிரந்தரமாக இருக்க யோசிக்கிறோம். பென்சன் எல்லாம் அங்கே வருமா?

அண்ணா, முதலில் வீட்டை விற்காதீர்கள். பென்சனைப் பிறகு பார்ப்போம். ஒரு வருடம் வாடகைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கேயும் வாடகை வீட்டில் இருங்கள். பிரம்டனில் விற்ற வீட்டை மூன்று வருடம் கழித்துத் திரும்ப வாங்க முடியாமல் மகளின் பேஸ்மன்டில் போய் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் கடைசியாக எப்போது ஊருக்கு வந்தீர்கள்? பத்துப் பேரில் ஒன்பது பேர் நல்லூர்த் திருவிழாவுக்கு என்றுதான் சொல்கிறார்கள். அந்த 25 நாளும் யாழ்ப்பாணம் வேறு ஊர். லண்டன் மச்சானும் பாரிஸ் சித்தப்பாவும் வந்திருப்பார்கள், ஏசி வான் வாசலில் நிற்கும், வீடு நிறைய ஆட்கள். தேர் முடிந்து ஒரு கிழமையில் எல்லோரும் விமானம் ஏறிவிடுவார்கள். மிஞ்சுவது நீங்களும் அக்காவும்தான். எங்கள் முதல் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. ஒழுங்கை முழுக்க வெள்ளம், மின்சாரம் இல்லை, மனைவிக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று பயந்து இரவு முழுக்க விழித்திருந்தேன். சித்திரை வெயில் இன்னொரு விதம். பகல் பதினொரு மணிக்குப் பிறகு வெளியே கால் வைக்க மனம் வராது. இந்த இரண்டையும் வாடகை வீட்டில் இருந்து கண்ட பிறகு அத்திவாரம் வெட்டுங்கள்.

இனிப் பென்சன். ஓ.ஏ.எஸ். என்ற கனடா அரசின் முதியோர் பென்சன் வெளிநாட்டிலும் ஆயுள் முழுக்க வரவேண்டுமானால், 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு 27 இருப்பதால் வரும். முழுத்தொகைக்கு 40 வருடம் வேண்டும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது அதில் நாற்பதில் இருபத்தேழு பங்கு. சி.பி.பி. வேலை செய்த காலத்தில் நீங்கள் கட்டிய பென்சன் பணம், உலகத்தில் எங்கிருந்தாலும் வரும். ஆனால் வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கொடுக்கும் ஜி.ஐ.எஸ். என்ற மேலதிகப் பணம் கனடாவை விட்டு ஆறு மாதம் தாண்டினால் நின்றுவிடும். எங்கள் ஆட்கள் பலர் மாதச் செலவைக் கணக்குப் பார்க்கும்போது ஜி.ஐ.எஸ்.ஐயும் சேர்த்தே பார்க்கிறார்கள். நீங்கள் அதை வெட்டிவிட்டுப் பாருங்கள்.

ஓஹிப் என்ற ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி அட்டைக்கு ஒவ்வொரு 12 மாதத்திலும் 153 நாள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். வரி நோக்கில் கனடாவில் வதிபவர் இல்லை என்று ஆனால் பென்சனில் பிடிக்கும் பொது விகிதம் 25 சதவீதம். கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையே வரி உடன்படிக்கை இருக்கிறது. வெளிக்கிட முன்பே கணக்காளரோடு இருந்து அதைக் கதையுங்கள். வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

லண்டன் ஹரோவிலிருந்து: அங்கே வந்தால் அரச பென்சன் குறையுமா?

குறையாது, ஆனால் உறைந்துவிடும். இலங்கையில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் கூட்டும் தொகை கிடைப்பதில்லை. 2016 சித்திரையில் முழுப் புதிய பென்சன் வாரம் 155.65 பவுண். அப்போது அதை எடுத்துக்கொண்டு இங்கே வந்து தங்கியவருக்கு இன்றும் அதேதான். 2025இல் அங்கே இருப்பவர் எடுப்பது 230.25. வாரத்துக்கு 74 பவுண் வித்தியாசம், அதுவும் ஒன்பது வருடத்திலேயே. நீங்கள் 90 வயது வரை இருந்தால் எவ்வளவாகும் என்று பாருங்கள். இந்தியா, கனடா, அவுஸ்திரேலியாவிலும் இதே கதைதான். மொறீசியசிலும் பிலிப்பைன்சிலும் இருப்பவர்களுக்குக் கூடுகிறது. வாழ்நாள் முழுக்க ஒரே மாதிரித் தேசிய காப்புறுதி கட்டியவர்களை இப்படிப் பிரிப்பது அநியாயம். எத்தனையோ வருடமாகப் போராடியும் மாறவில்லை. இப்போதுள்ள பவுணை வைத்தே திட்டம் போடுங்கள்.

மார்க்கத்திலிருந்து ஒரு அக்கா: ஜி.ஐ.எஸ். ஊரில் வருமா?

ஆறு மாதம் தாண்டினால் வராது, அக்கா. பிரம்டன்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நோர்வேயிலிருந்து: எனக்கு நோர்வேப் பாஸ்போட் மட்டும்தான். கொக்குவிலில் நான்கு பரப்புக் காணி வாங்கலாமா?

உங்கள் பெயரில் முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்ற முடியாது. தொடர்மாடியில் வீடு வாங்கலாம், வாரிசாக வருவதைப் பெறலாம். மற்றும்படி இரட்டைக் குடியுரிமை எடுத்தால் தடை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விட்டது என்பது பலருக்குத் தெரியாது. ‘நான் இங்கே பிறந்தவன்’ என்று விதானையாரிடம் வாதாடிப் பயனில்லை. முதலில் இரட்டைக் குடியுரிமை, பிறகு காணி. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தம்பி பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொது அற்றோர்னி தத்துவம், அதாவது உங்கள் பெயரில் எல்லா அலுவலும் பார்க்கும் அதிகாரப் பத்திரம், யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். மிக நெருங்கிய உறவுதான். இரண்டு பரப்பு எனக்குத் தெரியாமலே விற்கப்பட்டது. பணம் போனது ஒருபுறம் இருக்க, அந்த வீட்டு வாசலுக்கு நாங்கள் இன்றும் போவதில்லை. கொடுத்தே ஆகவேண்டுமானால் ஒரு அலுவலுக்கு மட்டும், காலம் குறித்து, விற்கும் அதிகாரம் இல்லாமல் கொடுங்கள்.

சூரிச்சிலிருந்து: சுவிஸ் பென்சனோடு வரும் மேலதிக உதவித்தொகை?

என் துறை இல்லை. உங்கள் கன்ரோன் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மொன்றியலிலிருந்து: எனக்கு இதய அறுவை நடந்தது. அங்கே வைத்தியம் எப்படி?

யாழ் போதனா வைத்தியசாலையில் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், பணமும் கேட்கமாட்டார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தால் எழுந்தது அது. சிங்கள ஊர்களின் சனமும் அள்ளிக் கொடுத்தது என்பதை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் சில சிகிச்சைகளுக்குக் கொழும்பு போக வேண்டிவரும், அது 400 கிலோமீற்றர். உங்கள் இதய மருத்துவரிடம் இந்தத் தூரத்தைச் சொல்லிக் கேளுங்கள். எங்கே வீடு எடுத்தாலும் பட்டணத்திலிருந்து அரை மணிக்குள் எடுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து: மாதம் எவ்வளவு வேண்டும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

ஒற்றைக் கணக்குச் சொல்லமாட்டேன். 2022 மாசியில் ஒரு அமெரிக்க டொலருக்கு இருநூறு ரூபாய் அளவில் இருந்தது, வைகாசியில் முந்நூற்றறுபது. வெளிநாட்டுப் பணம் வரும் எங்களுக்கு அது இலாபம் என்றுதான் ஆட்கள் நினைத்தார்கள். கடையில் பால்மா இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் வரிசையில் இரண்டு நாள், பங்குனிக் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. மனைவியின் பிரஷர் மாத்திரை ஆறு பாமசியில் இல்லை. காசு கையில் இருந்து என்ன? ஆறு மாதச் செலவுப் பணத்தைக் கனடாவிலேயே விட்டு வையுங்கள். மருந்து மூன்று மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும்.

சிட்னியிலிருந்து: திருநெல்வேலியில் ஆறு அறை வீடு கட்டுகிறேன். சின்ன நீச்சல் குளமும் உண்டு. கொந்துராத்துக்காரர் 150 அடிக்குக் குழாய்க்கிணறு அடிக்கச் சொல்கிறார். எந்தப் பம்ப் நல்லது?

தம்பி, பம்ப் பற்றிச் சொல்ல முன் தண்ணீர் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர்தான் இருக்கிறது. அது கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. எங்கள் மண் முழுக்க அப்படித்தான். மேலே நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி வரை ஏறலாம் என்பது கணக்கு. 150 அடிக்கு அடித்து இழுத்தால் இழுபடுவது உப்புத்தான். கெடுவது உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வளவின் கிணறும்தான்.

அவரே மறுபடியும்: என் காசு, என் காணி. வெங்காயத் தோட்டக்காரர் நாள் முழுக்க பம்ப் அடிக்கிறார்கள். என் குளம்தான் யாழ்ப்பாணத்தைக் கெடுக்கப் போகிறதா?

தோட்டக்காரரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. துலாவால் இறைத்த காலத்தில் எடுத்ததைவிடப் பம்ப் எவ்வளவோ அதிகம் எடுக்கிறது. உரத்தின் நைத்திரேற்றும் கிணற்றுக்குள் போகிறது. ஆனால் அவர்கள் அந்தத் தண்ணீரில் விளைவித்ததை நாங்கள் சாப்பிடுகிறோம். காணி உங்களுடையது, கீழே உள்ள தண்ணீருக்கு எல்லைக்கல் கிடையாது.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர்: உங்கள் தண்ணீரை முடித்துவிட்டுப் பிறகு எங்கள் இரணைமடுக் குளத்தைக் கேட்பீர்கள். எங்கள் வயல் காய வேண்டுமா?

இந்தக் கோபம் நியாயம், ஐயா. இரணைமடுத் தண்ணீரை இங்கே கொண்டுவரும் திட்டத்தை உங்கள் விவசாயிகள் எதிர்த்தபோது இங்கே பலர் உங்களைக் குறை சொன்னார்கள். நானும் அப்படி நினைத்தேன். ஒருமுறை சிறுபோகத்தில், கோடை நெல் விளையும் காலத்தில், அங்கே வந்து நின்று பார்த்த பிறகு நினைக்கவில்லை. இப்போது தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்திருக்கிறது. அது குடிக்க வந்த தண்ணீர். நீச்சல் குளம் நிரப்ப அல்ல.

உரும்பிராயிலிருந்து ஒரு அம்மா: எங்கள் பின்வளவில் வெளிநாட்டுக்காரர் குழாய்க்கிணறு அடித்து மூன்று வருடம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இப்போது தேத்தண்ணி போட முடியவில்லை. அவர்கள் வருடத்தில் ஒரு மாதம்தான் வருகிறார்கள்.

சிட்னித் தம்பி, இதை இரண்டு முறை வாசியுங்கள். என் மறுமொழியைவிட இது பெரிது.

சிட்னி: முற்பணம் கொடுத்தாயிற்று.

முற்பணம் போகட்டும். உவர்த்த கிணற்றை எந்தக் காசாலும் திருப்ப முடியாது. மாற்றுவழி சொல்கிறேன். உங்கள் கூரை 200 சதுர மீற்றர் என்று வைப்போம். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்தால் கூரையில் மட்டும் 2,40,000 லீற்றர் விழுகிறது. பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். பீலி போட்டுத் தொட்டியில் சேருங்கள், மிஞ்சியதைக் கிணற்றடிக்கு விடுங்கள். முற்றம் முழுக்கச் சீமெந்து ஊற்றாதீர்கள், மழை இறங்க மண் வேண்டும். மலக்குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்துக்குத் தள்ள முடியுமோ தள்ளுங்கள், அடித்தளம் பூசிக் கட்டுங்கள். சாதாரணக் கிணறு, சிறு பம்ப், ஆறு அறைக்குப் பதில் மூன்று. நீங்கள் இருவர்தானே வருகிறீர்கள்?

அஜாக்ஸிலிருந்து: மகனின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு ஊரில் இருந்தால் ஜி.ஐ.எஸ். வரும்தானே?

இந்தக் கேள்வி இன்று நான்காவது முறை. விலாசத்தோடு வந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். செய்யாதீர்கள். நீங்கள் விமானம் ஏறும் நாளையும் கனடா எல்லைத் துறை பதிகிறது. பிடிபட்டால் எடுத்த முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். அப்போது உங்களுக்கு 75 வயதாக இருக்கும். கடிதம் போவது மகனின் வீட்டுக்கு.

மோல்வேர்னிலிருந்து ஒரு அக்கா: எனக்கு 63. அவர் ஊருக்குப் போவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், அவருடைய சகோதரிகள் அங்கே. எனக்குப் பேரப்பிள்ளைகள் இங்கே. நான் பிடிவாதக்காரி என்கிறார்.

அக்கா, நீங்கள் பிடிவாதக்காரி இல்லை. இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முதல் வருடம் அவ அழாத கிழமை இல்லை. பேத்தி தொலைபேசியில் ‘எப்ப வாறீங்க அம்மம்மா’ என்று கேட்டால் அன்று சமையல் நடக்காது. எனக்கு வாசிகசாலை இருந்தது, கோயில் இருந்தது, பள்ளித் தோழர்கள் இருந்தார்கள். அவவுக்கு என் ஊர் மட்டும்தான் இருந்தது, அவவின் ஊர் மட்டக்களப்பு. இதை நான் யோசிக்காமலே முடிவெடுத்தேன். தவறு என்னுடையது.

மூன்றாம் வருடத்திலிருந்து வேறு மாதிரிச் செய்கிறோம். வைகாசி தொடக்கத்தில் போய் ஐப்பசி நடு வரை ரொறன்ரோவில் மகளோடு, மற்ற மாதங்கள் இங்கே. 153 நாளுக்கும் கணக்குச் சரி, பேத்தியின் கோடை விடுமுறையும் கிடைக்கிறது. பயணச் செலவு கூடத்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் அவ இங்கே முருங்கை நட்டா.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். இருவருமாக வந்து எங்கள் வீட்டில் ஒரு கிழமை நில்லுங்கள் என்று என் மனைவி சொல்லச் சொன்னா. மார்கழியில் வாருங்கள். தேர்க் காலத்தில் வேண்டாம்.