9000-ல் துண்டு போட்டது யாருங்க?

கேள்வி: வணக்கங்க. திருப்பூர்ல சின்னதா பனியன் கம்பெனி நடத்தறோம். கணக்கு எழுதற டேலி ஓடற கம்ப்யூட்டர்லயே பீஸ் ரேட் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கோம். சில நாள் நல்லாத் திறக்குது. சில நாள், போர்ட் 9000 ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்குன்னு சொல்லி நின்னுக்குது. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகுது, சில சமயம் அதுவும் இல்லை. சனிக்கிழமை சம்பளம் போடற நேரத்துல இப்படி ஆனா டைலருங்க, செக்கிங் அம்மிணிங்க எல்லாம் காத்துக்கிட்டு நிக்கறாங்க. அந்தப் போர்ட்டைப் பிடிச்சிருக்கறது எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

பதில்: முதல் வேலையாக, அந்த ஆஃப்-ஆன் வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். பிரச்சினை கண்ணில் தெரிகிற ஒரே நேரம் அந்தச் செய்தி திரையில் நிற்கும் நேரம்தான். ஆஃப் செய்தால் தடயம் போய்விடும்.

சந்தை நாளில் பஸ் வந்து நிற்கும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் இல்லையா, போர்ட்டும் அப்படித்தான். போர்ட் என்றால் ஒரு புரோகிராம் மற்ற புரோகிராம்களோடு தகவல் பேச உட்காரும் இடத்தின் எண். ஒரு கம்ப்யூட்டரில் போர்ட் எண்கள் 65535 வரை உண்டு. ஒரு புரோகிராம் ஒரு எண்ணில் துண்டு போட்டுவிட்டால், அதே எண்ணைக் கேட்டு அடுத்து வருகிற புரோகிராமை விண்டோஸ் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பிழைக்கு எண் 10048. காலையில் எது முந்திக்கொண்டு எழுகிறதோ அதற்குத்தான் இடம். உங்களுக்குச் சில நாள் திறப்பதும் சில நாள் மறுப்பதும் அதனால்தான்.

துண்டு யாருடையது என்று பார்க்கச் சுலபமான வழி விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட்டை அழுத்தி ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறங்கள். நெட்வொர்க் பக்கத்துக்குப் போனால், அடியில் லிஸனிங் போர்ட்ஸ் என்ற பட்டை மூடியிருக்கும். அதை விரித்து, போர்ட் என்ற தலைப்பின் மேல் சொடுக்கினால் எண்கள் வரிசைக்கு வந்துவிடும். 9000-க்கு நேரே புரோகிராமின் பெயரும், பிஐடி என்ற அடையாள எண்ணும் இருக்கும். ஆபீஸில் கணக்கு எழுதும் பிள்ளைக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும்.

கமாண்ட் பிராம்ப்ட் பழகியவர்களுக்கு நெட்ஸ்டாட் என்ற கட்டளை இருக்கிறது. நெட்ஸ்டாட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டு, ஏ, என், ஓ மூன்று எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். பிஐடி கடைசிப் பத்தியில் வரும். பட்டியல் நீளமாக இருந்தால் நிமிர்கோடு போட்டு ஃபைண்ட்ஸ்டர் கட்டளையால் 9000-ஐ மட்டும் வடிகட்டலாம். (80-ஐ இப்படித் தேடினால் 8000, 8080 எல்லாம் சேர்ந்து வரும், கவனம்.) வருகிற வரிகளில் லிஸனிங் என்று இருப்பதுதான் இடம் பிடித்தவர். எஸ்டாப்ளிஷ்ட் என்றிருப்பவை நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தைகள், அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கிடைத்த பிஐடியை டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் தேடினால் ஆள் யாரென்று தெரியும். பெயர் வெறும் ஜாவா என்று வந்தால், வலது சொடுக்கில் ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எந்த சாஃப்ட்வேரின் ஃபோல்டர் என்பதிலேயே விடை இருக்கும்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் டேலி மேல்தான். மற்ற புரோகிராம்கள் தன்னிடம் தகவல் கேட்பதற்காக டேலி திறந்து வைக்கும் போர்ட், யாரும் மாற்றாதவரை 9000. பட்டியலில் அதன் பெயர் வந்தால், தயவுசெய்து எண்ட் டாஸ்க்கை அழுத்தாதீர்கள். வவுச்சர் பதிவாகிக்கொண்டிருக்கும்போது வலுக்கட்டாயமாக நிறுத்தினால் கம்பெனி டேட்டா பழுதாகக்கூடும். ஒரு வருஷக் கணக்கை ஒரு சீட்டுக்காகப் பணயம் வைக்க வேண்டாங்க. டேலி பிரைமில் எஃப்1, செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி என்று போனால் போர்ட் எண்ணை மாற்றும் இடம் இருக்கிறது. ஆனால் டேலியிலிருந்து பில் விவரம் எடுக்கும் வேறு சாஃப்ட்வேர் இருந்தால் அதிலும் புது எண்ணைக் கொடுக்க வேண்டிவரும். அதனால் பீஸ் ரேட் சாஃப்ட்வேரை எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லி, அதன் எண்ணை மாற்றுவதே நல்லது. 1024-க்குக் கீழேயும் 49151-க்கு மேலேயும் போகாமல், நெட்ஸ்டாட்டில் காலியாகத் தெரியும் ஒரு எண்ணைக் கேளுங்கள்.

பட்டியலில் டேலிக்குப் பதில் பீஸ் ரேட் சாஃப்ட்வேரின் பெயரே வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக் கணக்கு ஆபீஸில் இதற்காக அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலை மூடியிருந்தார்கள், ஆனால் புரோகிராம் மூடவில்லை. பின்னால் ஓடிக்கொண்டே துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபடி திறக்கப் போனால், தன் இடத்தைத் தானே மறித்துக்கொண்டது. இப்படி என்றால் அந்தப் பழைய ஓட்டத்தை மட்டும் டாஸ்க் மேனேஜரில் நிறுத்தினால் போதும்.

வேறு சில முகங்களும் உண்டு. பிஐடி 4 என்று வந்தால் அது விண்டோஸ் சிஸ்டமே. பெரும்பாலும் ஐஐஎஸ் போன்ற வெப் சர்வீஸ் ஒன்று அதன் வழியாக இடம் பிடித்திருக்கும். அதை நிறுத்த முயலாமல், எந்த சர்வீஸ் என்று தேடுங்கள். டைம் வெயிட் என்று பிஐடி 0-வில் இருந்தால், இறங்கிப்போனவரின் இடம் இன்னும் ஆறவில்லை, சில நிமிஷம் பொறுத்தால் தானாகப் போய்விடும்.

லிஸனிங் வரி எதுவுமே இல்லை, ஆனாலும் புரோகிராம் திறக்க மறுக்கிறது, பிழை எண் 10013 என்று வருகிறதா? அப்படியானால் பஸ்ஸில் கண்டக்டர் ஒதுக்கி வைத்த சீட்டைப் போல, விண்டோஸே சில எண்களைக் கட்டி வைத்திருக்கலாம். ஒரு கம்ப்யூட்டருக்குள் தனித்தனி அறை மாதிரி புரோகிராம்களை ஓட்டும் ஹைப்பர்-வி, டாக்கர் போட்ட கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கும். எவ்வளவு தேடினாலும் துண்டு போட்டவர் அகப்பட மாட்டார், ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லை. நெட்ஷெல் கட்டளையில் ஒதுக்கப்பட்ட போர்ட் வரிசையைப் பார்க்கலாம், உங்கள் சாஃப்ட்வேர்காரருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் சர்வரை லினக்ஸில் வைத்திருந்தால், எஸ்எஸ் கட்டளையோடு எல், டி, என், பி எழுத்துகளைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி) போடாவிட்டால் மற்றவர் ஓட்டும் புரோகிராமின் பெயர் காட்டாது.

வரும் சனிக்கிழமை அந்தச் செய்தி வந்தால், அப்போதே ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து செல்போனில் ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். பிஐடி ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் புரோகிராமின் பெயர் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.